தாழிட்ட கதவு வீடு

டொலேடோ, 4 மார்ச் 1996

சுற்றுலா வழிகாட்டி திரு. எலாடியோ அவர்களுக்கு,

உங்கள் அக்கா சக்ராரியோ எழுதுவது. அப்பாவை அடக்கம் செய்த பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. மூன்று வருடமாகிறது. உங்கள் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிடாததற்குக் காரணம், உங்கள் குரலை நான் ஏற்கெனவே வேண்டிய மட்டும் கேட்டாகிவிட்டது. வாரத்தில் நாலைந்து நாள் என் ஜன்னலுக்கு அடியில் நின்றல்லவா பேசுகிறீர்கள்!

போன இலையுதிர் காலத்தில் இது ஆரம்பித்தது. நீலக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நீங்கள் முன்னால் வருவீர்கள், பின்னால் ஒரு பஸ் கூட்டம். சரியாக என் வாசலுக்கு எதிரே நின்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவீர்கள். எல்லோரும் அண்ணாந்து என் ஜன்னலைப் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவர் வந்து கதவு வளையத்தைத் தட்டுவார். நான் எட்டிப் பார்ப்பேன். உடனே படம் எடுப்பார்கள். சில பெண்கள் சிலுவைக் குறி போட்டுக்கொள்வார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வாசலுக்கு மேலே இருக்கும் கல்லில் செதுக்கிய பழைய குலச்சின்னத்தைத்தான் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன். ஏணி போட்டு ஏறி அதைத் தேய்த்துக் கழுவினேன். ஜெரேனியம் தொட்டிகளுக்குப் புதுச் சாயம் பூசினேன். ஒரு நாள் கையைக்கூட ஆட்டினேன். அவர்களும் ஆட்டினார்கள். என் தம்பிக்கு என் மேல் கோபம் இருந்தாலும் நம் வீட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிறான் என்று நம்பினேன். அறுபது வயதுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்க வேண்டாமா?

எதிர்வீட்டில் மதாம் ஒதீல் என்று ஒரு பிரெஞ்சு டீச்சர் வாடகைக்கு வந்திருக்கிறார். நேற்று என்னோடு ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பேசப் பேச அவர் முகம் மாறியது. கேட்டதும் முதலில் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை.

நானூறு வருடத்துக்கு முன் இந்த வீட்டில் வாள் செய்யும் கிழவர் ஒருவர் சாகக் கிடந்தாராம். போருக்குப் போன மகன் திரும்பி வந்து கதவைத் தட்டினானாம். நெஞ்சு கல்லான அவன் அக்கா தாழைத் திறக்கவில்லையாம். அப்பன் மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிரை விட்டானாம். அந்தப் பாவத்தால் அவள் ஆவி இன்னும் உள்ளேயே கிடக்கிறதாம். வளையத்தைத் தட்டினால் ஜன்னலில் முகம் காட்டுமாம்.

நானும் காட்டியிருக்கிறேன். ஆறு மாதமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சக்ராரியோ


டொலேடோ, 9 மார்ச் 1996

மதிப்புக்குரிய அம்மணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சந்து நகராட்சிக்குச் சொந்தமானது. அங்கே நின்று பேச யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. வாள் செய்கிற கிழவர், போருக்குப் போன மகன் என்றுதான் சொல்கிறேன். அதில் தங்களைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் வேலை தங்களுக்குத் தெரியாது. மாட்ரிட்டிலிருந்து காலையில் பஸ் ஏறுகிறார்கள். பேராலயம், பிறகு யூதர்களின் பழைய தொழுகைக்கூடம், அந்தக் கிரேக்க ஓவியரின் பெரிய படம், கான்வென்ட் அருங்காட்சியகம், பாலம். மதியத்துக்குள் எந்தத் தூணை எங்கே பார்த்தோம் என்றே அவர்களுக்குத் தெரியாது. கால் வலி. எந்த மன்னர் எந்த மன்னரை வென்றார் என்று சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள். ஒருவன் ஒரு கதவுக்கு வெளியே நின்று அழுதான் என்று சொன்னால் மட்டும் விழித்துக்கொள்கிறார்கள். எல்லா ஊரிலும் மனிதர்களுக்கு அது புரிகிறது.

இனி தங்கள், தாங்கள் என்று எழுதக் கை வரவில்லை.

நீ திறக்கவில்லை. அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று எனக்குச் சொன்னது நீயா? இல்லை. முனையில் இருக்கும் கறிக்கடைக்காரர் போன் செய்தார். போட்டது போட்டபடி, அப்போது நான் இருந்த மாட்ரிட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தேன். மதியத் தூக்க நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. தட்டினேன். "அக்கா, நான்தான், தொற" என்று கத்தினேன். மாடியில் திரைக்குப் பின்னால் நீ நின்றாய். திரை அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன். வெயில் சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்வரை நின்றேன். மறுநாள் கோயிலில் அவருக்குச் சாவு மணி அடித்தார்கள்.

கதை என்கிறாய். அதில் வாளும் போரும் மட்டும்தான் நான் சேர்த்தது.

எலாடியோ


டொலேடோ, 21 மார்ச் 1996

எலாடியோ,

ஒதீலிடம் கேட்டுப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஜன்னலில் ஒட்டினேன்: "இந்த வழிகாட்டி சொல்வது பொய். இங்கே ஆவி இல்லை. வாடகைக்கும் இல்லை." நீ என்ன செய்தாய்? குடையால் அதைச் சுட்டிக் காட்டி ஏதோ சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள்.

அதனால்தான் இன்று வாளியை எடுத்தேன். தரை துடைத்த தண்ணீர். உன் தலைக்குத்தான் குறி வைத்தேன். நனையாமல் ஒதுங்கிக்கொள்ள உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பச்சைத் தொப்பி வைத்த ஒரு அம்மாள் முழுக்க நனைந்து போனார். அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். உன்னிடம் இல்லை.

திரை அசைந்ததைப் பார்த்தாய், சரி. திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்வதுதானே உன் பிழைப்பு.

சக்ராரியோ


டொலேடோ, 2 ஏப்ரல் 1996

அக்கா,

அந்தப் பச்சைத் தொப்பி அம்மாள் டப்ளினில் பல் வைத்தியர். நான் பயந்தேன், வழக்குப் போடுவார் என்று. அவரோ, "என் வாழ்க்கையிலேயே இப்பதான் ஒரு பேய் என்னைத் தனியா கவனிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டு, துவட்டக்கூட மாட்டேன் என்று அப்படியே மதிய உணவுக்கு வந்தார். ஊருக்குப் போய்க் கம்பெனிக்குப் பாராட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். ஸ்பெயின் பயணத்தில் மறக்க முடியாத இடம் எது என்றால், பேராலயம் அல்ல, உன் வாளி.

விளைவைக் கேள். கம்பெனி அச்சடித்த புதுப் பயணத் திட்டத்தில் தொழுகைக்கூடத்துக்கும் பாலத்துக்கும் நடுவே ஒரு வரி சேர்ந்திருக்கிறது: "தாழிட்ட கதவு வீடு." இந்த வாரத்திலிருந்து சந்துக்குள் நுழையும்போதே குடையை விரித்துக்கொள்கிறார்கள். நீ ஊற்றாத நாளில் ஏமாந்து போகிறார்கள்.

அச்சடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். மற்ற வழிகாட்டிகள் விலாசம் கேட்கிறார்கள். நான் கொடுக்கவில்லை, அவர்கள் பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டார்கள்.

திரைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாதாம். சொல்லேன். மூன்று வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

எலாடியோ


டொலேடோ, 8 ஜூன் 1996

எலாடியோ,

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். உட்கார்ந்து படி.

முதலில் உன் கதை இப்போது எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துகொள். சிவப்புக் குடைக்காரி ஒருத்தி வருகிறாள். அவள் கணக்கில் நான் கதவைத் திறக்காததோடு நிற்கவில்லை, அப்பனுக்குச் சூப்பில் விஷமும் வைத்தேன். இன்னொருவன், நான் சகோதரனைக் காதலித்ததாகச் சொல்கிறானாம். ஒதீல் அதை எனக்குச் சொல்லும்போது காதைப் பொத்திக்கொண்டாள். கதவு முழுக்கக் கத்தியால் பெயர் கீறிவைத்திருக்கிறார்கள். காதலர்கள் சாவித் துளையில் சீட்டுச் செருகிவிட்டுப் போகிறார்கள்.

நேற்று முன்தினம் நற்கருணைப் பவனி. தெருவெல்லாம் துணிப் பந்தல், தரையெல்லாம் தைம் என்கிற வாசனைத் தழை. எப்போதும் போல அம்மாவின் பட்டுச் சால்வையை பால்கனியில் தொங்கவிட்டேன். வாசலில் தழை தூவக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் தழைக் கோணியை வாங்கிவர முனை வரை போனேன். திரும்பி வந்தால் மாடியில் பேச்சுக் குரல்.

இரண்டு பையன்கள். எந்த ஊரோ தெரியவில்லை. ஒருத்தன் அப்பாவின் கட்டிலில் செருப்போடு படுத்துக்கொண்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு, நாக்கைத் தொங்கப் போட்டிருந்தான். இன்னொருத்தன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நானும் படத்தில் நிற்க வேண்டும் என்று கையால் காட்டினான். அவனுக்கு நான் மியூசியத்தில் வேஷம் கட்டி நிற்கும் ஆள்.

நான் அவர்களை அடிக்கவில்லை. கீழே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போகும்போது ஒருத்தன் நன்றி என்று சொன்னான். பவனி போகும் சத்தம் கேட்டது. நான் பார்க்கப் போகவில்லை.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும்.

அப்பா கான்வென்ட் அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தபோது, வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ குழுக்களை அங்கே கூட்டி வருவாய். அது எந்த நாள் என்று உன்னிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வார். அந்த நாட்களுக்கென்று ஒரு சட்டை தனியாக இருந்தது. காலர் மடிந்தால் திரும்பத் தேய்க்கச் சொல்வார். மாலையில் வந்து என்னிடம் சொல்வார்: "இன்னைக்கும் எலாடியோ எல்லார் முன்னாடியும் என்னை அறிமுகப்படுத்தினான். இவர்தான் எங்க அப்பான்னு சொல்லியிருப்பான். எல்லாரும் என்னைப் பார்த்து எவ்வளவு சந்தோஷமா சிரிச்சாங்க தெரியுமா? நானும் தலையாட்டினேன்." என்ன மொழியில் சொன்னான் என்று கேட்பேன். "ஜெர்மன்னு நெனக்கிறேன்" என்பார். பெருமை தாங்காது அவருக்கு.

பல வருடம் இப்படிப் போனது. ஒரு நாள் உன் குழுவிலிருந்து பெல்ஜியக்காரர் ஒருவர் தனியாகத் திரும்பி வந்து அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நின்றாராம். ஸ்பானிஷ் நன்றாகப் பேசினாராம். "மன்னிச்சுக்குங்க, நானும் சேர்ந்து சிரிச்சிட்டேன். அப்புறம் மனசு கேக்கல" என்றாராம். எதற்கு என்று அப்பா கேட்டார். அவர் சொன்னார். நீ அப்பாவைக் காட்டி, "இந்த மியூசியத்துலயே ரொம்பப் பழைய பொருள் இதுதான், தொடாதீங்க, உதிர்ந்துடும்" என்று சொன்னாயாம்.

அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "இனிமே இதத் தேய்க்க வேணாம்" என்றார். அடுத்த மாதமே முழங்கால் வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டார். வழியனுப்பு விழாவில் நீ பேசினாய். நல்ல பேச்சு, எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் உன் கையைக் குலுக்கினார். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

நீ கதவைத் தட்டிய மதியம் அவருக்குக் காய்ச்சல் இருந்தது, ஆனால் நினைவு இருந்தது. உன் தட்டலை அவர்தான் முதலில் கண்டுகொண்டார். நான் எழுந்தேன். தாழுக்குப் போக இரண்டு படி இறங்கினேன். அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"எத்தனை பேரக் கூட்டிக்கிட்டு வந்திருக்கான்?"

யாரும் இல்லை, தனியாகத்தான் வந்திருக்கிறான் என்றேன். ஜன்னலுக்குப் போய்த் திரையை விலக்கிப் பார்த்துவிட்டும் சொன்னேன். அந்த அசைவைத்தான் நீ பார்த்தாய். அவர் நம்பவில்லை. போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு, "தொறக்காத. என்னை இந்தக் கோலத்துல அவங்க பாக்க வேணாம்" என்றார்.

உன் பெயரைச் சொல்லிக்கொண்டே சாகவில்லை. அதுவும் நீ சேர்த்ததுதான்.

சக்ராரியோ


டொலேடோ, 15 ஜூன் 1996

அக்கா,

பெல்ஜியக்காரர் என்று யாரும் இல்லை. நீ கட்டிய கதை.

இல்லை, இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. வருடத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், யார் முகம் நினைவிருக்கிறது. அந்த ஜோக்கை நான் சொன்னேன்தான். எல்லா வழிகாட்டியும் காவலர்களை வைத்து ஏதாவது சொல்வார்கள். அவரும் சிரித்தார். என்னைப் பார்த்து, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் புரிகிறது, விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை என்றால் ஒரு தடவை முறைத்திருந்தால் போதாதா?

சட்டையைப் பற்றி நீ எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. அதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஆனால் உன்னை விடப் போவதில்லை. காய்ச்சலில் கிடந்த கிழவர் உளறினார். நீ உளறவில்லை. உனக்குக் கால் இருந்தது, கை இருந்தது. வெளியே நிற்பவன் தனியாக நிற்கிறான் என்று கண்ணால் பார்த்தாய். இறங்கி வந்து தாழை எடுத்திருந்தால் நான் மாடியேறி அவரிடம் பேசியிருப்பேன். திட்டினால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ஒரு வாய்ப்பை எடுத்துக்கொண்டது அவர் இல்லை, நீ. பிறகு மூன்று வருடம் இதை உள்ளே வைத்துக்கொண்டிருந்து, எப்போது எறிந்தால் நன்றாகப் படும் என்று பார்த்து இப்போது எறிந்திருக்கிறாய்.

பட்டுவிட்டது. திருப்திதானே?

எலாடியோ


டொலேடோ, 24 ஜூன் 1996

எலாடியோ,

திறந்திருக்கலாம். நீ சொல்வது சரி. எனக்கும் திறக்க மனமில்லை. அவரைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, சோறூட்டியது நான். நீ மாட்ரிட்டிலிருந்து தபால் அட்டை அனுப்பிக்கொண்டிருந்தாய். அவர் வேண்டாம் என்றதும் எனக்குச் சுலபமாகப் போயிற்று. இன்றைக்கும் அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ வெளியே நின்றது ஒரு மதியம்.

மூன்று வருடம் சொல்லாததற்குக் காரணம் எறியக் காத்திருந்தது அல்ல. சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். என்னை நீ வெறுத்தால் வெறுத்துவிட்டுப் போ என்று இருந்தேன். அந்தக் கட்டிலில் ஒருத்தன் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்த பிறகு அந்த வாக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சக்ராரியோ


டொலேடோ, 17 அக்டோபர் 1996

எலாடியோ,

கோடை முழுக்க நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நீலக் குடை மட்டும் வந்துகொண்டிருந்தது. நீ இன்னும் அதே கதையைத்தான் சொல்கிறாயா என்று ஒதீலைக் கேட்டேன். முன்னைவிடச் சுருக்கமாகச் சொல்கிறான், குரல் இறங்கிவிட்டது என்றாள். நீ என்னதான் விற்கிறாய் என்று ஒரு தடவை உன் கூட்டத்தோடு வந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதனால்தான் செவ்வாய்க்கிழமை ஒதீல் தன் பெயரில் சீட்டு வாங்கிக் கொடுத்து, சொகோதோவெர் சதுக்கத்தில் ஆங்கிலக் குழுவோடு என்னைச் சேர்த்துவிட்டாள்.

என்னைப் பார்த்ததும் உன் முகம் வெளுத்துப் போனது. ஆனால் தலையெண்ணினாய். என்னையும் சேர்த்து எண்ணினாய். நீ தொழில்காரன், அதில் சந்தேகமில்லை.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அந்தத் தொழுகைக்கூடத்துக்குள் நான் போனதே இல்லை. வெள்ளைத் தூண்கள் அவ்வளவு அழகு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நீ அங்கே பேசியதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் உன் கை போன பக்கமெல்லாம் பார்த்தேன். பேராலயத்தில் மேற்கூரைத் துளை வழியாக வெளிச்சம் விழும் இடத்தில் எல்லோரையும் சரியான நேரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாய். ஒரு நார்வேக் கிழவருக்குக் கை கொடுத்துப் படியில் இறக்கினாய். அந்தக் கையைக் கொஞ்சம் முன்னாலேயே வீட்டில் காட்டியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை எழுதிவிடுகிறேன், நீ என்ன நினைத்தாலும் சரி.

அருங்காட்சியகத்துக்கு வந்ததும் நீ உள்ளே வரவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். நான் போனேன். ஓர் இளம் பெண் காவல் இருக்கிறாள். ஏதோ கொறித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நம் சந்து. என் வீட்டு வாசலில் என்னையே கூட்டி வந்து நிறுத்தினாய். அச்சடித்த திட்டத்தில் இருக்கிறது, தாண்டிப் போக முடியாது. எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை, நான் அவர்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். நீ குடையை மடக்கிக் கீழே ஊன்றிக்கொண்டாய். அப்புறம் ஸ்பானிஷில் பேசினாய். நம் வீட்டில் பேசும் ஸ்பானிஷ், ஊர் இழுவையோடு.

நீ சொன்னதை மறந்திருப்பாய் என்றால் இதோ:

"இந்த வீட்டுல ஆவியும் இல்ல, வாளும் இல்ல. மியூசியத்துல காவல் இருந்த ஒரு மனுஷன் இருந்தார். அவர் மகன் அவரக் காட்டி ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் சிரிக்க வச்சான். சாகும்போது அவன் முகத்துல முழிக்க மாட்டேன்னுட்டார். அவர் சொன்னத மக செஞ்சா. அப்புறமும் மகன் அடங்கல, அவளையும் காட்டினான். அவ்வளவுதான். வாங்க, பாலத்துக்குப் போகலாம்."

அவர்கள் தலையாட்டினார்கள். ஒரு சொல்லும் புரியாமல், நீ ஏதோ நல்லதாகச் சொல்கிறாய் என்று நம்பி, உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்கள். நார்வேக் கிழவர்தான் எல்லோரையும்விட அதிகமாக ஆட்டினார். நீ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. வேறு யாரோ, போகலாமா என்று கேட்ட பிறகுதான் நடந்தாய்.

நான் உங்களோடு பாலத்துக்கு வரவில்லை. சாவியை எடுத்து அத்தனை பேர் முன்னாலும் அந்தக் கதவைத் திறக்கவும் எனக்கு இஷ்டமில்லை. ரொட்டிக் கடை வரை போய்விட்டு வந்தேன்.

மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. என்னிடம் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்லவில்லை, புரியாதவர்கள் நடுவில் ஒளிந்துகொண்டு சொன்னாய். ஆனால் கேட்டேன். கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

சக்ராரியோ


செகோவியா, 30 நவம்பர் 1996

அக்கா,

அந்த வரியைத் திட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்டேன். மாட்டேன் என்றார்கள். அதிகம் பேர் கேட்டு வரும் இடம் அதுதானாம். டொலேடோ வழியை விட்டுவிட்டேன். இப்போது செகோவியாவில் நீர்ப்பாலத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அது கல். அதைப் பற்றி என்ன சொன்னாலும் அதற்கு வலிக்காது.

கிளம்புவதற்கு முன் சிவப்புக் குடைக்காரியைப் போய்ப் பார்த்தேன். நிறுத்து, அங்கே ஒரு பெண் குடியிருக்கிறாள் என்றேன். "இது இந்த ஊரோட பழைய கதைங்க. சின்ன வயசுல எங்க பாட்டனாரே சொல்லியிருக்கார்" என்றாள். அதைக் கட்டியவனே நான்தான், இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்றேன். சிரித்தாள். பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். விஷம் வைத்ததையாவது விடு என்று கேட்டேன். அதுதான் முக்கியமான இடம், அதை எப்படி விடுவது என்றாள்.

என்னால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எழுத வேண்டியது இதுதான்.

நீ தாழை எடுத்திருக்க வேண்டும் என்று இன்னும் நினைக்கிறேன். அந்த நினைப்பு போகவில்லை, போகுமா என்றும் தெரியவில்லை. அப்பா அந்தச் சட்டையை என்ன செய்தார் என்று மட்டும் ஒரு வரி எழுது.

எலாடியோ


டொலேடோ, 19 ஜனவரி 1997

எலாடியோ,

சட்டையைக் கிழித்துத் தூசி துடைக்கத் துணியாக்கிவிட்டேன். அவர்தான் சொன்னார். வேறு மாதிரி பதில் எதிர்பார்த்திருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டைக் காலி செய்துவிட்டேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்த கூட்டம் பிறப்புக் குடிலைவிட என் கதவுக்கு முன்னால்தான் அதிகம். போலீஸ்காரர்கள் கயிறு கட்டி வரிசை விட்டார்கள். நான் ரொட்டி வாங்கிவிட்டு வந்து அந்த வரிசையில் நின்றுதான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது. முன்னால் இடித்துக்கொண்டு போகிறேன் என்று ஒரு அம்மாள் என்னைத் திட்டினாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம், புதுப் பேட்டையில், நாலாவது மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் இருக்கிறது. இந்தக் கட்டிடத்தைக் கட்டியவரே இன்னும் உயிரோடு இருக்கிறார், கீழ் வீட்டில் குடியிருக்கிறார். இங்கே பார்க்க ஒன்றும் இல்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடமும் ஒரு பள்ளிக்கூட மைதானமும் தெரிகின்றன. என்னை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

உன்னிடம் எனக்கு இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. சாமான்களோடு அதையும் ஏற்றி வந்துவிட்டேன்.

விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. அழைப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. தபால்காரர் இந்தப் பகுதிக்குப் புதிது, அவருக்காக எழுதியது.

சக்ராரியோ